ஏஐக்குச் சட்டம் போட வேண்டியது மாநிலமா, வாஷிங்டனா?

வேலைக்கு வரும் விண்ணப்பங்களைச் சலித்து, யாரை நேர்காணலுக்குக் கூப்பிடலாம் என்று மதிப்பெண் போட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பித்தவர்கள் 350 பேர்: 200 ஆண்கள், 150 பெண்கள். மென்பொருள் ஆண்களில் 80 பேரையும் பெண்களில் 42 பேரையும் தேர்ந்தெடுத்தது. ஆண்களின் தேர்வு வீதம் 40%, பெண்களுடையது 28%. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.70 வரும்.

இந்த 0.70 அமெரிக்காவில் ஊருக்கு ஊர் வேறு வேறு பொருள் தரும். நியூயார்க் நகரத்தில் ஆள் எடுத்தால், 2023 ஜூலை 5 முதல் நடைமுறையில் இருக்கும் 144ஆம் எண் உள்ளூர்ச் சட்டப்படி வெளியாள் ஒருவரை வைத்துப் பாரபட்சத் தணிக்கை செய்து, முடிவை இணையதளத்தில் போட வேண்டும். விண்ணப்பதாரருக்கு 10 வேலை நாள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். எண் மோசமாக இருப்பது அந்தச் சட்டப்படி குற்றமல்ல, வெளியிடாமல் இருப்பதுதான் குற்றம். இல்லினாய்ஸில் 2026 ஜனவரி 1 முதல் கதை வேறு. விளைவு பாகுபாடாக இருந்தாலே மாநில மனித உரிமைச் சட்டத்தை மீறியதாகும். அஞ்சல் குறியீட்டை இனத்துக்குப் பதிலியாக மென்பொருள் எடுத்துக்கொள்வதும் தடை. கொலராடோவில் 2024இல் கையெழுத்தான வடிவப்படி, பாகுபாடு நடந்திருப்பது தெரியவந்தால் 90 நாளுக்குள் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் போய்ச் சொல்ல வேண்டும். டெக்ஸாஸிலோ வேண்டுமென்றே செய்தார்கள் என்று காட்ட வேண்டும், விளைவு மட்டும் போதாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வாஷிங்டன், அதாவது ஒன்றிய அரசு, என்ன சொல்கிறது? 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் உயிரோடுதான் இருக்கிறது. 1978இல் வந்த பணியாளர் தேர்வு வழிகாட்டுதலின் ஐந்தில் நான்கு பங்கு விதிப்படி 0.80க்குக் கீழே போனாலே சந்தேகம் கொள்ளலாம். ஆனால் விளைவை வைத்து மட்டும் வழக்கு நடத்துவதைப் பின்னுக்குத் தள்ளுங்கள் என்று 2025 ஏப்ரலில் அதிபர் ட்ரம்ப் தன் துறைகளுக்கு ஆணை போட்டுவிட்டார்.

ஏஐயை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கட்டுமா, ஒன்றிய அரசிடம் போகட்டுமா என்ற சண்டையின் அடியில் கிடப்பது இந்தக் குழப்பம்தான். கையில் இருக்கும் வழிகள் நான்கு. மாநிலங்களின் போக்கில் விடலாம். மாநிலங்களை முழுதாக ஒதுக்கி ஒரே தேசியச் சட்டம் போடலாம். தேசியச் சட்டத்தைக் குறைந்தபட்சமாக வைத்து, அதற்கு மேலே போக மாநிலங்களை அனுமதிக்கலாம். அல்லது எது யாருக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். நான்கும் சம எடை கொண்டவை அல்ல.

அதற்கு முன் நம் வாசகர்களுக்கு ஒரு விஷயம். ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்ற நம் ஊர் ஏற்பாட்டை மனதில் வைத்து இதைப் படித்தால் தடம் புரளும். இந்தியாவில் எந்தப் பட்டியலிலும் இல்லாதது ஒன்றியத்துக்குப் போகும். அமெரிக்காவில் தலைகீழ்: அரசமைப்பின் 10ஆவது திருத்தப்படி ஒன்றியத்துக்குக் கொடுக்காதது எல்லாம் மாநிலத்துக்கு அல்லது மக்களுக்கு. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, உண்டு என்பதால் ஏஐ பற்றிச் சட்டம் போட அதற்குத் தடையில்லை. போட்டால் 6ஆவது பிரிவுப்படி ஒன்றியச் சட்டமே மேல். மாநிலச் சட்டம் அதற்கு வழிவிட வேண்டும். இதைத்தான் அங்கே ப்ரீஎம்ப்ஷன் என்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், காங்கிரஸ் இன்னும் போடவில்லை.

மாநிலங்களின் போக்கில் விட்டால்

இன்றைய நிலை இதுதான். கலிபோர்னியாவின் எஸ்பி 53, 2025 செப்டம்பர் 29 அன்று ஆளுநர் நியூசம் கையெழுத்திட்டு, 2026 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மிகப் பெரிய ஏஐ மாதிரிகளை (மாடல்களை) உருவாக்குபவர்களைக் குறிவைக்கும் சட்டம். பயிற்சிக்குச் செலவான கணக்கீடுகளின் எண்ணிக்கை 1க்குப் பின்னால் 26 சுழியங்களைத் தாண்ட வேண்டும்; ஆண்டு வருவாய் 50 கோடி டாலரைத் தாண்டிய நிறுவனத்துக்குக் கூடுதல் கடமைகள். பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட வேண்டும். ஆபத்தான சம்பவம் நடந்தால் மாநில அவசரச் சேவை அலுவலகத்துக்கு 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள். மீறினால் ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் டாலர் வரை அபராதம். நியூயார்க் மாநிலம் 2025 டிசம்பரில் கொண்டுவந்த ரெய்ஸ் சட்டம் இதே ரகம்தான், ஆனால் அங்கே கெடு 72 மணி நேரம். ஒரே சம்பவத்துக்கு இரண்டு கடிகாரம்.

இதைப் பெரிய கொடுமை என்று நிறுவனங்கள் சொல்வது கொஞ்சம் மிகை. தரவுத் திருட்டு நடந்தால் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தைக் கலிபோர்னியா 2003 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2018இல் அலபாமா சேர்ந்ததும் 50 மாநிலங்களும் முடிந்தன. எல்லாருக்கும் பொதுவான ஒன்றியச் சட்டம் இன்றுவரை இல்லை. கொலராடோவிலும் ஃபுளோரிடாவிலும் 30 நாள், டெக்ஸாஸில் 60 நாள். நிறுவனங்கள் என்ன செய்கின்றன? கெடு எது குறுகியதோ அதற்கு ஒரு நடைமுறை எழுதி, எல்லா மாநிலத்துக்கும் அதையே ஓட்டுகின்றன. செலவு உண்டு, ஆனால் தொழில் நின்றுவிடவில்லை.

உண்மையில் உதைக்கும் இடம் கெடு அல்ல, வரையறை. கெடுக்களில் குறுகியதைத் தேர்ந்துகொண்டால் மற்றவை அதற்குள் அடங்கிவிடும். வரையறைகள் அப்படி அடங்காது. நம் விண்ணப்ப மென்பொருளையே பாருங்கள். நியூயார்க் நகர விதிகளில், மனித முடிவை மென்பொருள் கணிசமாக மாற்றினால்தான் சட்டம் தொடும். 'கடைசி முடிவு எங்கள் மேலாளருடையது, மென்பொருள் ஒரு துணைதான்' என்று நிறுவனமே தனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டு விலகிவிடலாம். விலகவும் செய்தார்கள். 391 நிறுவனங்களைத் தேடிப் பார்த்த ஓர் ஆய்வில், தணிக்கை முடிவைப் போட்டிருந்தவை 18 மட்டுமே. அபராதமோ முதல் முறை 500 டாலர், பிறகு 1,500 வரை. புகார் வந்தால் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கும் அமைப்பு, மென்பொருள் தன்னைக் கழித்துவிட்டதே தெரியாத ஆளிடமிருந்து புகாரை எதிர்பார்த்தால் எங்கே வரும்?

மாநில வழியின் இன்னொரு பலவீனம், தடுமாற்றம். கொலராடோ ஆளுநர் போலிஸ் 2024 மே 17 அன்று கையெழுத்திடும்போதே தயக்கத்தைச் சொல்லித்தான் கையெழுத்திட்டார். 2026 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வர வேண்டிய சட்டத்தை, 2025 ஆகஸ்டில் சிறப்புக் கூட்டம் கூட்டி ஜூன் 30க்குத் தள்ளினார்கள். ஆண்டுதோறும் பாதிப்பு மதிப்பீடு, பெரிய மாற்றம் செய்தால் 90 நாளுக்குள் இன்னொன்று, மீறலுக்கு 20,000 டாலர் வரை அபராதம் என்று விரிவாக எழுதிய சட்டத்தை, அதை எழுதியவர்களாலேயே உரிய நாளில் தொடங்க முடியவில்லை.

ஆனாலும் மாநிலங்கள் வேகமாக இயங்குகின்றன என்பதை மறுக்க முடியாது. குரலைத் திருடிப் பாட வைப்பதற்கு எதிராக டென்னசி 2024 மார்ச்சிலேயே எல்விஸ் சட்டம் போட்டது. இசைத் தொழிலின் ஊரான நாஷ்வில் இருக்கும் மாநிலத்துக்கு அந்த வலி முதலில் தெரிந்ததில் வியப்பில்லை. ஏஐ மனநல ஆலோசகராக வேலை பார்ப்பதை இல்லினாய்ஸ் 2025 ஆகஸ்டில் தடுத்தது, அபராதம் 10,000 டாலர் வரை.

ஒரே தேசியச் சட்டம் என்றால்

சந்தை 50 துண்டாக உடையக் கூடாது, சிறு நிறுவனங்களால் 50 வழக்கறிஞர்களை வைத்துக்கொள்ள முடியாது என்ற வாதம் நியாயமானது. காங்கிரஸ் முன் வந்த முயற்சியோ இந்த வாதத்தைப் பாதி மட்டுமே எடுத்துக்கொண்டது. 2025 மே 22 அன்று பிரதிநிதிகள் சபையில் 215க்கு 214 என்று நூலிழையில் நிறைவேறிய பெரிய நிதி மசோதாவுக்குள், ஏஐயை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டங்களை 10 ஆண்டுகளுக்குச் செயல்படுத்தக் கூடாது என்ற பிரிவு இருந்தது. பதிலுக்கு எந்தத் தேசிய விதியும் இல்லை. அதன் வரையறை இன்னும் விசித்திரம்: தரவுப் பகுப்பாய்வு வழியாக ஒரு மதிப்பெண், வகைப்பாடு அல்லது பரிந்துரை தரும் எந்தக் கணினி நடைமுறையும் தானியங்கி முடிவு அமைப்பாம். கடன் மதிப்பெண் போடும் பழைய நிரல்கூட அதற்குள் வந்துவிழும். செனட்டில் இரு கட்சியினரும் சேர்ந்து ஜூலை 1 அன்று 99க்கு 1 என்று அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்தார்கள். அதை எதிர்த்து முன்னின்றவர்களில் ஒருவர் குடியரசுக் கட்சியின் மார்ஷா பிளாக்பர்ன், எல்விஸ் சட்டம் போட்ட அதே டென்னசியின் செனட்டர்.

விதி போடாமல் தடை மட்டும் போடுவது அரசியலாகத் தோற்றதோடு நிற்கவில்லை, சட்டத்திலும் அது பலவீனம். 2018இல் மர்ஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டம் பற்றிச் சொன்னது இதுதான்: காங்கிரஸ் குடிமக்களுக்கும் நிறுவனங்களுக்கும் விதி போடலாம், அந்த விதி மாநிலச் சட்டத்தை வெல்லும், ஆனால் 'நீ சட்டம் போடாதே' என்று மாநிலச் சட்டமன்றத்துக்கு நேராக உத்தரவிட முடியாது.

முழுத் தடைக்கு முன்னுதாரணங்களும் நல்ல சாட்சி சொல்லவில்லை. முன்சம்மதம் இல்லாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்பக் கூடாது, மீறினால் ஒரு மின்னஞ்சலுக்கு 1,000 டாலர் கேட்டு வழக்குப் போடலாம் என்ற கலிபோர்னியாச் சட்டம் 2004 ஜனவரி 1 அன்று வர இருந்தது. இரண்டு வாரம் முன்பு, 2003 டிசம்பர் 16 அன்று, ஒன்றிய கேன்ஸ்பாம் சட்டம் கையெழுத்தாகி அதை அமுக்கியது. தேசியச் சட்டத்தில் முன்சம்மதமும் இல்லை, பெற்றவர் வழக்குப் போடும் உரிமையும் இல்லை. இதைவிடக் கனமான பாடம் 2004இல் நடந்தது: தேசிய வங்கிகளுக்கு மாநிலக் கடன் சட்டங்கள் பொருந்தாது என்று ஒன்றிய வங்கிக் கண்காணிப்பு அலுவலகம் விதி எழுதியது. கந்துவட்டித்தனமான வீட்டுக் கடனை மடக்கப் பார்த்த ஜார்ஜியா போன்ற மாநிலங்களின் கை கட்டப்பட்டது. 2008இல் வீட்டுக் கடன் சந்தை சரிந்தபின், 2010இன் நிதித் துறைச் சீர்திருத்தச் சட்டமான டாட் பிராங்க் அந்த விலக்கைக் குறுக்கியது.

அதிபர் ஆணை ஒரு குறுக்கு வழியாகுமா?

காங்கிரஸில் ஓடாததை ட்ரம்ப் 2025 டிசம்பர் 11 அன்று நிர்வாக ஆணையாகப் போட்டார். கொலராடோச் சட்டத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்ட ஆணை அது. அதிபர் ஆணையால் மாநிலச் சட்டம் செல்லாமல் போகாது. அது ஒன்றியத் துறைகளை ஏவும், அவ்வளவுதான். ஏவிய அம்புகள் மூன்று.

ஒன்று, மாநிலச் சட்டங்களின் மீது வழக்குப் போட நீதித் துறையில் தனிக்குழு. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்கு இடையூறு என்பது எதிர்பார்க்கக்கூடிய வாதம். ஆனால் 2023இல் பன்றி இறைச்சி வழக்கில், வேறு மாநிலப் பண்ணைகளுக்குச் செலவு வைக்கிறது என்பதற்காகக் கலிபோர்னியாவின் கொட்டில் அளவுச் சட்டத்தை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மாநிலங்களுக்கு அதிக ஆபத்து பேச்சுரிமை வாதத்தில்தான். தேர்தல் டீப்ஃபேக் (ஏஐ உருவாக்கும் போலிப் படம், காணொளி) பற்றிய கலிபோர்னியாச் சட்டம் ஒன்று 2025 ஆகஸ்டில் அந்தக் காரணத்தால் ஒன்றிய நீதிமன்றத்தில் விழுந்தது.

இரண்டு, பணம். கிராமப்புற இணைய இணைப்புக்கு 2021இல் காங்கிரஸ் ஒதுக்கிய 4,245 கோடி டாலர் திட்டத்தில், கம்பி இழுப்பதற்குப் போக எஞ்சும் தொகையை 'தொல்லையான' ஏஐ சட்டம் வைத்திருக்கும் மாநிலத்துக்குத் தராமல் நிறுத்தலாம் என்பது யோசனை. மானியத்துக்கு நிபந்தனை போடலாம், ஆனால் அது தெளிவாகவும் திட்டத்தின் நோக்கத்தோடு தொடர்புள்ளதாகவும் இருக்க வேண்டும் என்று 1987இன் டோல் தீர்ப்பு சொல்கிறது. ஒளியிழைக் கம்பிக்கும் விண்ணப்ப மென்பொருள் தணிக்கைக்கும் முடிச்சுப் போடுவது எளிதல்ல.

மூன்று, ஆணையங்கள். தொலைத்தொடர்பு ஆணையம் ஏஐ வெளிப்படைத்தன்மைக்குத் தேசியத் தரம் எழுதி மாநிலங்களை ஓரங்கட்டலாமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஒழுங்குபடுத்தும் அதிகாரம் தனக்கு இல்லை என்று சொன்ன துறையில், மாநிலங்களை மொத்தமாக விலக்கவும் அந்த ஆணையத்தால் முடியாது என்பது 2019இல் இணையச் சமநிலை வழக்கில் அது வாங்கிய அடி. ஏஐ விஷயத்தில் அதன் நிலை அதைவிட மெலிந்தது.

ஆகவே ஆணையைத் தீர்வாக எண்ணி, மாநிலச் சட்டத்துக்குச் செய்ய வேண்டிய ஏற்பாட்டை எந்த நிறுவனமும் நிறுத்தி வைப்பது தவறான கணக்கு. சென்னையிலிருந்து அமெரிக்க வாடிக்கையாளருக்கு மனிதவள மென்பொருள் விற்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் தணிக்கைத் தரவு கேட்டு வரும் பிரிவு, வாஷிங்டன் ஆணை வந்ததால் காணாமல் போகாது.

தரை வைத்து மேலே விடுவது

அமெரிக்கச் சட்டக்காரர்கள் இதைத் தரை, கூரை என்று பேசுவார்கள்: தேசியச் சட்டம் தரை என்றால் மாநிலம் அதற்கு மேலே போகலாம், கூரை என்றால் போக முடியாது. மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஹிப்பா ஒரு தரை. அதைவிடக் கடுமையான மாநிலச் சட்டம் தப்பும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் 50 துண்டு என்ற புகாரை இது தீர்க்காது.

இதில் ஒரு நுட்பமான வகை உண்டு. வாகனப் புகையில் ஒன்றியத் தரம் ஒன்று. அதைவிடக் கடுமையாகப் போக விலக்கு கேட்கும் உரிமை கலிபோர்னியாவுக்கு மட்டும். மற்ற மாநிலங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம், மூன்றாவதை உருவாக்க முடியாது. கார் கம்பெனிக்கு 50 தரம் இல்லை, 2 தரம். ஏஐக்கு இது பொருந்தும் என்று தோன்றலாம். அந்த விலக்குகளில் மூன்றைக் காங்கிரஸ் 2025இல் தீர்மானம் போட்டு ரத்து செய்ததைப் பார்த்தால், ஒரே மாநிலத்தை நம்பி இப்படி ஒன்றைக் கட்டுவதன் அபாயமும் தெரியும்.

மாதிரி ஒன்றியத்துக்கு, பயன்பாடு மாநிலத்துக்கு

எங்கள் பார்வையில் இதுவே தேறும். கார் விஷயத்தில் அமெரிக்கா ஏற்கெனவே இப்படித்தான் நடத்துகிறது: வண்டியின் பாதுகாப்புத் தரம் வாஷிங்டனுடையது, ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் சாலை விதியும் மாநிலத்துடையவை. பெரிய மாதிரி கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவிலும் நியூயார்க்கின் தலைநகர் ஆல்பனியிலும் ஒரே பொருள்தான். அது உயிரியல் ஆயுதத்துக்கோ அணு ஆயுதத்துக்கோ வழிகாட்டுமா என்று சோதிக்க இரகசியத் தகவல் வேண்டும். அது எரிசக்தித் துறையிடம் இருக்கும், மாநில அவசரச் சேவை அலுவலகத்திடம் இருக்காது. 72 மணி நேரமா, 15 நாளா என்ற சச்சரவும், அறிக்கை வாங்க ஒரே இடம் இருந்தால் தீரும். ஒன்றிய விதி ஒன்று தகுதியாக இருந்தால், சம்பவ அறிக்கையை அதன்படியே கொடுக்கலாம் என்று எஸ்பி 53 தானே கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

பயன்பாடு அப்படியல்ல. மருத்துவர் உரிமம், வாடகை வீடு, பள்ளி, குடும்பச் சட்டம், 1945இன் மெக்காரன் பெர்குசன் சட்டத்துக்குப் பின் காப்பீடு, எல்லாமே மாநிலத்தின் கையில். அங்கே ஏஐயை மட்டும் உருவி வாஷிங்டனுக்குக் கொடுத்தால், மனிதர் செய்தால் மாநிலச் சட்டம், மென்பொருள் செய்தால் எதுவுமில்லை என்றாகும்.

வரையறைச் சண்டைக்கும் இங்கே மருந்து இருக்கிறது, சட்டம் போடாமலே அது பாதி வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒன்றியத் தர நிறுவனமான நிஸ்ட் 2023 ஜனவரியில் வெளியிட்ட இடர் மேலாண்மைச் சட்டகம் தன்னார்வமானது. ஆனால் கொலராடோவின் 2024 சட்டமும் டெக்ஸாஸ் சட்டமும், இரண்டு எதிர் துருவங்கள், அந்தச் சட்டகத்தைப் பின்பற்றியவருக்குத் தற்காப்பு உண்டு என்று எழுதியிருக்கின்றன. ஒரு நிறுவனம் இன்று ஒரே ஓர் ஆவணக் கட்டு தயாரிக்க முடியும் என்றால் அது நிஸ்ட் வரிசையில்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பிரிவினையின் தையல் பிரியும் இடம், நண்பரைப் போல உரையாடும் ஏஐ துணைச் செயலிகள். சிறுவரிடம் பேசும் செயலி 3 மணி நேரத்துக்கு ஒரு முறை 'நான் மனிதனல்ல, ஓய்வெடு' என்று சொல்ல வேண்டும் என்கிறது கலிபோர்னியாவின் எஸ்பி 243. இது பயன்பாடா, மாதிரியின் நடத்தையா? இரண்டும்தான். பிரித்துக் கொடுக்கும் சட்டம் இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு விடாமல் தானே தீர்க்க வேண்டும். குழந்தைப் பாதுகாப்பை மாநிலத்திடமே விடலாம் என்று டிசம்பர் ஆணையே ஒதுக்கி வைத்திருப்பதால், இங்கே சமரசம் கிட்டாத ஒன்றல்ல.

காங்கிரஸில் அடுத்து எந்த மசோதா வந்தாலும், முன்னுரையைத் தாண்டி நேரே ப்ரீஎம்ப்ஷன் பிரிவுக்குப் போய் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். மாநிலச் சட்டம் இதற்கு 'முரணாக' இருந்தால் செல்லாது என்றிருக்கிறதா, இது 'தொடர்பாக' இருந்தாலே செல்லாது என்றிருக்கிறதா? 1978இன் விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் கட்டணம், வழித்தடம், சேவை தொடர்பான மாநிலச் சட்டங்கள் கூடாது என்று எழுதிய ஒரு சொல்லை வைத்து, ஏமாற்று விமானக் கட்டண விளம்பரத்தை மாநில அட்டர்னி ஜெனரல்கள் தட்டிக் கேட்பதையே உச்ச நீதிமன்றம் 1992இல் தடுத்துவிட்டது. அடுத்தது தேதி. மசோதா கையெழுத்தான அன்றே மாநிலச் சட்டம் முடங்கி, அதன் இடத்தில் வரும் தேசிய விதியை ஓர் ஆணையம் பின்னால் எழுதிக்கொள்ளும் என்று இருந்தால், அந்த விதி வரும்வரை நம் மென்பொருளின் 0.70ஐ யாரிடமும் காட்ட வேண்டியிருக்காது.